முன்சக்கரத்தின் இடது பக்கம்

சைக்கிள் கடைக்காரருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லி விசாரித்தால் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. எதுக்கும்காரர் கடை என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுவிடும். மூச்சுக்கு முன்னூறு தடவை 'எதுக்கும்' சொல்லுவார் மனிதர். எதுக்கும் இன்னொரு சுத்து முடுக்கிடலாம். எதுக்கும் அந்த டியூபைத் தண்ணியில ஒரு தடவை முக்கிப் பாத்திடலாம். எதுக்கும் குடையை எடுத்துட்டுப் போங்க, வெயில் அடிச்சா என்ன. சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை காலாற நடந்துபோய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பார். எதிர்க்கடைத் தையல்காரர், "உங்க தொல்லை தாங்காமலே ஒருநாள் அது திறந்துக்கப் போகுது" என்று கேலி செய்வார். இவரும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை இழுப்பார்.

இதில் பெரிய வேடிக்கை, அந்த வட்டாரத்தில் ஓடுகிற சைக்கிள்களில் பாதி அவர் கைபட்டவை. அவர் மட்டும் சைக்கிளில் ஏறமாட்டார். பழுது பார்த்த வண்டியை ஓட்டிப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் கடைச் சந்துக்குள்ளேயே, ஒரு காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு, ஒரு நடை போய்வருவார். பெரிய சாலை வந்துவிட்டால் இறங்கித் தள்ளுவார். எந்த நட்டு எப்போது கழலும், கழன்றால் என்ன ஆகும் என்று தெரிந்தவனுக்கு ஏற மனம் வருமா என்பது அவர் கட்சி. அவர் மனைவி வேறு மாதிரி சொல்லுவாள். பயப்படுவதற்கு ஒரு காரணம் வேண்டுமே, அதற்காகத்தான் இந்தத் தொழிலைப் பிடித்திருக்கிறார் என்று.

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள். ஒற்றைப் பிள்ளையைப் பெற்றவர்கள் கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருப்பார்கள், ஒப்புக்கொள்ளலாம். ஆனால் சைக்கிள் பழகி முடித்துவிட்ட பெண்ணின் சீட்டை விடாமல் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவருகிற அப்பாவை யார்தான் பொறுத்துக்கொள்வார்கள்? பள்ளிக்கூட நாளில் தெருமுனை வரை வந்தார். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலைக்குப் போக ஆரம்பித்ததும் பாலம் வரை வந்தார். மரத்துக்குப் பின்னால் மறைந்து நின்றுதான் பார்ப்பார். மரம் ஒல்லி, அவர் தொப்பை இரண்டு பக்கமும் தெரியும். போதாததற்கு போன் வேறு. வந்து சேர்ந்தாயா, கிளம்பிவிட்டாயா, மழை வருகிறதே, லாரிகள் ஓடுகிற நேரமாயிற்றே.

கடைசியில் ஒருநாள் அவள், கூட வேலை பார்க்கிற தோழியோடு சேர்ந்து மேட்டுத்தெருவில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை; அதுதான் அவருக்கு இன்னும் வலித்தது. பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை வந்து சாப்பிட்டுப் போறேன்ப்பா. மத்த நாள்ல நீங்க என் பின்னாடி வரக் கூடாது. நான் ரோட்டுல இருக்கிற நேரத்துல போன் பண்ணக் கூடாது. பண்ணீங்கன்னா ஞாயித்துக்கிழமையும் வரமாட்டேன்."

அவர் வாக்குக் கொடுத்தார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். எப்படிக் காப்பாற்றினார் என்பது அவர் அடிவயிற்றுக்குத்தான் தெரியும். வாரம் முழுக்க அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை நம்பித்தான் மனிதர் நடமாடிக்கொண்டிருந்தார். அதுவும் போய்விட்டால் அவரிடம் மிஞ்சுவது பூட்டு ஒன்றுதான்.

மழைக்காலம் தொடங்கியதும் மகள் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், நாள் தவறி, கடைக்கே வந்தாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவள் வைத்திருந்தது ஒல்லி டயரும் மெலிந்த சட்டமுமாக, பறக்கவென்றே செய்த மாதிரி ஒரு வண்டி. அதற்கு மட்கார்டு கிடையாது. போகட்டும், வாங்கி மாட்டலாம் என்றால், மாட்டுவதற்கு சட்டத்தில் ஒரு துளை, ஒரு காது, எதுவும் கிடையாது. அதைச் செய்த புண்ணியவான்கள் மழையே பெய்யாத ஊரில் குடியிருக்க வேண்டும். மகள் திரும்பி நின்று முதுகைக் காட்டினாள். வெள்ளைக் கோட்டில் இடுப்பிலிருந்து பிடரி வரை சேறு ஒரே கோடாக ஏறியிருந்தது. கண் பரிசோதிக்க வந்த பெரியவர் ஒருவர், எழுத்துப் பலகை மங்கலாகத் தெரிகிறது, உன் முதுகுக் கோடு மட்டும் நன்றாகத் தெரிகிறது என்றாராம். முதலாளியும் முகம் சுளித்தாராம்.

"இதுக்கு மட்கார்டு மாட்ட முடியுமாப்பா?" என்று கேட்டாள்.

அவர் குனிந்து இரண்டு சக்கரத்தையும் பார்த்தார். பின்சக்கரம் பரவாயில்லை, எது கழன்றாலும் தடதடவென்று சத்தம் போடும், இறங்கிப் பார்க்கலாம். முன்சக்கரம் அப்படியல்ல. மட்கார்டைத் தாங்குகிற கம்பி ஒரு பக்கம் கழன்றால் போதும், ஆரக்கம்பிகளுக்குள் புகுந்துவிடும். மட்கார்டை அப்படியே சுருட்டி உள்ளே இழுக்கும். சக்கரம் நின்ற இடத்தில் நின்றுவிடும்; ஓட்டுகிறவர் நிற்கமாட்டார், கைப்பிடிக்கு மேலே பறந்துபோய் முகம் குப்புற விழுவார். அவள் தினமும் காலையில் இறங்குவதோ மேட்டுத்தெரு இறக்கம். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் மகள் அவரிடம் ஒன்று வேண்டும் என்று கேட்டு எத்தனை நாளாயிற்று? "வச்சுட்டுப் போ. ஞாயித்துக்கிழமை வரும்போது எடுத்துக்கலாம்" என்றது அவர் வாய்.

சனிக்கிழமை முழுக்க வேறு வேலையைத் தொடவில்லை. மட்கார்டின் உச்சியை பிரேக் போல்ட்டிலேயே சேர்த்து முடுக்கிவிடலாம், அங்கே பிரேக்குக்கான துளை உண்டு. கீழே கம்பிகளைப் பிடிக்கத்தான் காதில்லை. அதற்குத் தகட்டை வெட்டி வளைத்து, சட்டத்தின் காலைச் சுற்றிக் கவ்வுகிற மாதிரி கிளிப்பு செய்தார். பின்சக்கரத்துக்கு இரண்டு, முன்சக்கரத்துக்கு இரண்டு. தகடு வழுக்கி இறங்காமலும் பெயிண்டைச் சுரண்டாமலும் இருக்க ஒவ்வொரு கிளிப்புக்குள்ளும் பழைய டியூபை வெட்டி ஒட்டினார்.

அவர் வேலைக்கு ஒரு முறை உண்டு. எதையும் நேரே முடுக்கமாட்டார். முதலில் எல்லாவற்றையும் நூலால் கட்டி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, எங்கே உரசுகிறது என்று பார்த்துச் சரிசெய்வார். பிறகு ஒவ்வொரு கட்டாக அவிழ்த்து அந்த இடத்தில் கிளிப்பு போடுவார். கட்டுகிற நூல் எப்போதும் சிவப்புக் கம்பளி நூல். மனைவி தன் பழைய ஸ்வெட்டர் ஒன்றைப் பிரித்துக் கொடுத்தது. சிவப்பு தெரிந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம், தொடாதே. சிவப்பு தெரியாவிட்டால் முடிந்தது. மனைவி வந்து கிளிப்பின் மேல் டியூப் பட்டையை இறுக்கிச் சுற்றி, நட்டின் முனை துணியில் மாட்டாதபடி மூடிவிடுவாள். அந்தச் சுற்று வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை. கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் நடுவில் இந்தக் கணக்கு ஒருதரம்கூடத் தப்பியதில்லை.

அந்தச் சனிக்கிழமை சிவப்பு நூல் தீர்ந்துபோயிருந்தது. ஸ்வெட்டரின் கடைசிக் கையும் கரைந்துவிட்டது. அவர் தையல்காரரிடம் போய் கொஞ்சம் நூல் வாங்கிவந்தார். அவர் கொடுத்தது கோட்டுக்குப் பொத்தான் தைக்கிற கறுப்பு நூல். ஒரு நாளைக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று அதை நாலு மடிப்பாக்கிக் கட்டினார்.

மூன்று கிளிப்பு ஏறிவிட்டது. நாலாவது, முன்சக்கரத்தின் இடது பக்கத்துக்கானது, வளைக்கும்போது விளிம்பில் விரிசல் விட்டது. எதுக்கும்காரர் விரிசலைச் சும்மா விடுவாரா? அதை வீசிவிட்டு வேறு தகடு வெட்டினார். ரப்பரை ஒட்டி, காயட்டும் என்று ஜன்னல் விளிம்பில் வைத்தார். அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூட வாத்தியார் பஞ்சரான டயரைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார், அவசரம் என்றார். இவர் அந்தப் பக்கம் உட்கார்ந்து டியூபை உருவிக்கொண்டிருக்கும்போது மனைவி தேநீரோடு வந்தாள். வண்டியைப் பார்த்தாள். சிவப்பு எங்கும் இல்லை; கறுப்பு நூல் அவள் கண்ணில் படவில்லை. உட்கார்ந்து நாலு இடத்திலும் டியூப் பட்டையை இறுக்கிச் சுற்றி, முனையைச் செருகிவிட்டு, தேநீர் ஆறுகிறது என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்குள் போய்விட்டாள். வாத்தியாரை அனுப்பிவிட்டுத் திரும்பியவர் கண்ணில் பட்டது நாலு கறுப்புச் சுற்றுகள். அவள் சுற்றியிருக்கிறாள் என்றால் வேலை முடிந்தது. அத்தனை வருஷப் பழக்கம் அவர் மண்டைக்குள் அப்படித்தான் சொன்னது. ஜன்னல் விளிம்பு அவருக்கு முதுகுக்குப் பின்னால் இருந்தது.

மற்ற நாளாக இருந்தால் அப்போதும் தப்பியிருக்காது. எந்த வண்டியும் கடையை விட்டு இறங்குமுன் மனைவி சுற்றியதையெல்லாம் பிரித்து, எதுக்கும் இன்னொரு முடுக்கு முடுக்கி, அவளிடம் திட்டு வாங்கிக்கொண்டு மறுபடி சுற்றச் சொல்லுவார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் அதற்காகத்தான் ஸ்பானரோடு வண்டியிடம் குனிந்தார். மகள் பின்னால் வந்து நின்றாள். "ஒரு தடவை சுத்திவிட்டுப் பாத்தீங்கல்லப்பா, போதும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றியதோ, ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். பிறந்ததிலிருந்து அவர் செய்யாத காரியம். நானும் மாறிவிட்டேன் பார், இனிமேல் உனக்குத் தொல்லையில்லை என்று மகளுக்குச் சொல்லாமல் சொல்ல நினைத்தார். அவள் கண் மலர்ந்ததைப் பார்த்து அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

அன்றைக்கு வானம் வெறித்திருந்தது. மேட்டுத்தெரு ஏற்றத்தைப் பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் ஏறவேண்டும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் மழை கொட்டியது. கடையைத் திறந்து, ஈரம் படாமலிருக்க ஜன்னலைச் சாத்தப் போனார். விளிம்பில் ஒரு கிளிப்பு இருந்தது. கறுப்பு ரப்பர் நன்றாகக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

முதலில் அது எதுவென்றே பிடிபடவில்லை. கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். விளிம்பில் விரிசல் இல்லை. அப்போதுதான் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. முன்சக்கரம், இடது பக்கம், தகடு இல்லை, நட்டு இல்லை, வெறும் பொத்தான் நூல். அதுவும் மழையில் ஊறி இளகப்போகிற நூல். கம்பியின் வெட்டிய முனை அதை ஒவ்வொரு குலுக்கலுக்கும் அறுத்துக்கொண்டே இருக்கும். மகள் அறையை விட்டுக் கிளம்புகிற நேரம் அது.

போனை எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். சாலையில் இருக்கும்போது அப்பாவின் அழைப்பு வந்தால் சத்தமே வராதபடி அவள் செய்துவைத்திருந்தாள். அவர் கண் முன்னால்தான் செய்தாள். கண்ணாடிக் கடை எண்ணுக்கு அடித்தார். கடை இன்னும் திறக்கவில்லை போலிருக்கிறது. இத்தனை வருஷமாக வீண் பயத்துக்கெல்லாம் அடித்து அடித்து, நிஜமான பயம் வந்த அன்றைக்கு அவர் குரலுக்கு மதிப்பில்லாமல் போயிற்று. யாரைக் குற்றம் சொல்வது?

மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். மறுபடியும் ஆரம்பித்துவிட்டீர்களா என்று அவள் முகமே கேட்டது. சொல்ல வாயெடுத்தார். அந்த நூல்கட்டின் மேல் பட்டையைச் சுற்றியது அவள் கை என்று சொன்னால் அவள் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். "எதுக்கும் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரேன்" என்றார். வாக்குக் கொடுத்தீர்களே, ஞாயிற்றுக்கிழமை அவள் வராவிட்டால் என்னிடம் வந்து அழக்கூடாது என்றாள் அவள். அவர் கிளிப்பையும் நட்டையும் ஸ்பானரையும் கத்தியையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார்.

நடந்தால் ஆகாது. பஸ்ஸுக்கு நின்றாலும் ஆகாது. கடையில் ஓடுகிற நிலையில் ஒரு வண்டியும் இல்லை. எதிர்க்கடை வாசலில் தையல்காரரின் சைக்கிள் நின்றது. கனத்த கறுப்பு வண்டி. மட்கார்டு அதோடு கூடவே பிறந்தது, காதும் துளையுமாக எல்லாம் அதனதன் இடத்தில். எதுக்கும்காரர் கேட்கக்கூட இல்லை, எடுத்து ஏறிவிட்டார். தையல்காரர் கையில் கத்தரிக்கோலோடு வாசலுக்கு வந்து நின்றார். தன் வண்டி போவது பற்றி அவருக்குக் கவலையில்லை. அதை யார் ஓட்டிக்கொண்டு போகிறார் என்பதைத்தான் அவரால் நம்ப முடியவில்லை.

பெரிய சாலை. மழை அவர் மூக்குக்கண்ணாடியில் வழிந்து ஒன்றும் தெரியவில்லை. லாரி ஒன்று காதோரமாக உறுமிக்கொண்டு போனது. வண்டி ஆடியது, அவரும் ஆடினார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு என்பார்களே, அவருக்குக் கையிலும் பிடிக்க முடியவில்லை, கை இரண்டும் பிரேக்கில் இருந்தன. தன் உயிரைப் பற்றிய நினைப்பு அவ்வளவுதான் வந்தது. மீதியெல்லாம் அந்த நாலு மடிப்பு நூலைப் பற்றித்தான். ஒரு இழை போயிருக்கும். இந்நேரம் இன்னொன்று.

மேட்டுத்தெரு இறக்கம் வந்து சேர்கிற முக்கில் போக்குவரத்துக் காவலர் மழைக்கோட்டுக்குள் நின்றுகொண்டிருந்தார். ஒல்லி சைக்கிளில் ஒரு பெண் இந்த வழியாக இறங்கினாளா என்று கேட்டார் இவர். பல் தந்தியடித்ததில் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. இறங்கினாளா, பறந்தாள் என்றார் காவலர். மழைகூட அவள் மேல் விழ நேரமில்லை, பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கக் கூடாதா என்று கடிந்துகொண்டார். அப்படியானால் இறக்கத்தைத் தாண்டிவிட்டாள். ஆறுதல் வந்த வேகத்திலேயே போய்விட்டது. அடுத்தது பாலம். பாலத்து இரும்புப் பட்டைகளில் சக்கரம் ஏறி இறங்கினால் எலும்பே குலுங்கும்.

பாலத்தின் கடைசியில் கூட்டம். குடைகள் வட்டமாக நின்றன. எல்லாரும் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு சைக்கிள் சக்கரம் சாய்ந்து கிடந்தது.

அவர் வண்டியை நிறுத்தவில்லை, அப்படியே போட்டார். அது விழுந்த சத்தம் காதில் ஏறவில்லை. குடைகளை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். "என் பொண்ணு, என் பொண்ணு" என்று சொல்லிக்கொண்டே நுழைந்தார் என்று பிறகு யாராவது சொன்னால்தான் அவருக்குத் தெரியும். நடுவில் பார்த்தால் உருளைக்கிழங்கு. யாரோ ஒரு வியாபாரி மூட்டை கட்டிக்கொண்டு வந்த சைக்கிள் சறுக்கி, மூட்டை பிரிந்து, கிழங்கெல்லாம் தண்ணீரில் உருண்டு ஓடிக்கொண்டிருந்தது. வியாபாரி நின்றுகொண்டு மழையைத் திட்டிக்கொண்டிருந்தார். எதுக்கும்காரர் காலடியில் வந்து முட்டிய ஒரு கிழங்கை எடுத்து அவரிடம் நீட்டினார். நீட்டியவர் முகத்தைப் பார்த்து அந்த மனிதர், "உங்களுக்கு என்னாச்சுங்க?" என்று கேட்டார்.

விழுந்து கிடந்த வண்டியைத் தூக்கி மறுபடி ஏறினார். கண்ணாடிக் கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு சந்து. அங்கேதான் வேலை செய்கிறவர்கள் வண்டியை நிறுத்துவார்கள். சுவரில் சாய்ந்து, பூட்டுப் போட்டு, சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தது மகளின் சைக்கிள். அதைப் பார்த்ததும் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் நிற்க இடமில்லாமல், ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு கத்தியால் இடது பக்கத்து டியூப் சுற்றை அறுத்தார். உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் வழிந்தது. நூலைப் பார்த்தார். நாலில் மூன்று மடிப்பு அறுந்து நார்நாராக நின்றது. மிச்சமிருந்த ஒரு மடிப்பில்தான் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது, அதுவும் பாதி தேய்ந்து. விரலால் தொட்டார், அறுந்துவிட்டது. கம்பி நழுவி ஆரக்கம்பியில் டிங்கென்று பட்டது. அந்தச் சின்னச் சத்தத்தை அவர் சாகிறவரைக்கும் மறக்கப்போவதில்லை.

கிளிப்பை எடுத்து மாட்டினார். நட்டு விழுந்து சேற்றுக்குள் போனது. தடவித் தேடி, சட்டையில் துடைத்து, மறுபடி ஏற்றினார். முடுக்கினார். இன்னொரு தடவை முடுக்கினார். கடைசிச் சுற்றில்தான் பின்னால் கதவு திறந்தது.

மகள் வெள்ளைக் கோட்டில் நின்றிருந்தாள். கையில் போன். அதில் வரிசையாக அவர் அழைப்புகள் கிடந்திருக்கும். அவள் சத்தம் போடவில்லை. "வாக்குக் குடுத்தீங்கல்லப்பா" என்றாள்.

அவர் எழுந்தார். அறுந்த நூல் உள்ளங்கையில் இருந்தது. சொல்லிவிடலாம். காட்டிவிட்டால் போதும், ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. இத்தனை நாள் எல்லாரும் சிரித்த பயத்துக்கு இன்றைக்கு ஒரு சாட்சி இருக்கிறது. "இந்த இடது பக்கம்…" என்று ஆரம்பித்தார்.

"இடது பக்கத்துக்கு என்ன?" அவள் சட்டென்று திரும்பி முதுகைக் காட்டினாள். "பாருங்க, ஒரு பொட்டு சேறு இல்ல. இன்னிக்குத்தான்ப்பா மொத தடவையா அந்த இறக்கத்துல பிரேக்கே பிடிக்காம வந்தேன். எப்பவும் உங்க குரல்தான் காதுல கேட்டுக்கிட்டே இருக்கும், பாத்துப் போ, பாத்துப் போன்னு. இன்னிக்குக் கேக்கல. எங்கப்பாவே ஒரு தடவை பாத்துட்டுப் போதும்னு ஸ்பானரைக் கீழ வச்சுட்டாரு, இனிமே என்ன பயம்னு நினைச்சுக்கிட்டு வந்தேன்." அவள் கையிலிருந்த போனை அவர் பக்கம் நீட்டினாள். "வந்து போனைப் பாத்தா, பழைய குருடி கதவைத் திறடின்னு இருக்கு."

எதுக்கும்காரர் கையை மூடிக்கொண்டார். மழை தகரத்தில் அடித்தது. அவர் கீழே வைத்த அந்த ஸ்பானரை நம்பித்தான் அவள் பிரேக் பிடிக்காமல் இறங்கியிருக்கிறாள். இதைத் தாங்கிக்கொள்ள அவருக்கு எங்கிருந்து தெம்பு வந்ததோ தெரியவில்லை. நூலைக் காட்டினால் அவள் இனிமேல் எந்த இறக்கத்திலும் பயமில்லாமல் இறங்கமாட்டாள். ஒவ்வொரு நட்டாகத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள், பூட்டை இழுத்துப் பார்ப்பாள். அப்படி ஒரு பிழைப்பு என்னவென்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

"மனசு கேக்கலம்மா" என்றார். "எதுக்கும் ஒரு தடவை முடுக்கிட்டுப் போயிடலாம்னு வந்தேன்."

அவள் பெருமூச்சு விட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கோட்டுப் பையிலிருந்த மெல்லிய துணியால் தொழில் பக்குவத்தோடு இரண்டு பக்கமும் துடைத்து, மறுபடி மாட்டிவிட்டாள். பிறகு, இந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை என்றாள். கோபத்தில் சொல்லவில்லை, கொஞ்ச நாள் இப்படியே இருக்கட்டும் என்றாள். அவர் தலையாட்டினார். எப்படி வந்தீர்கள் என்று அவள் கேட்டபோது பஸ்ஸில் என்று தடுமாறிச் சொன்னார். தையல்காரரின் சைக்கிள் சந்துக்கு வெளியே சுவரோரம் நின்றது. போகும்போது அதைத் தள்ளிக்கொண்டே போனார்; இப்போது அதில் ஏறத் துணிவு வரவில்லை.

மறுநாள் கடைவீதியிலிருந்து சிவப்புக் கம்பளி நூல் வாங்கிவந்தார். ஒரு உருண்டை போதும் என்கிற இடத்தில் பை நிறைய இருந்தது. இத்தனை எதற்கு என்று மனைவி சிரித்துக்கொண்டே பையை வாங்கினாள். வாங்கியவள் அப்படியே நின்றாள். மெதுவாக, "சனிக்கிழமை சிவப்பு இல்லையே. எதால கட்டினீங்க?" என்று கேட்டாள். கறுப்பு நூல் என்றார். அவள் முகம் வெளுத்தது. "நான் சுத்தும்போது, அந்த முன்னாடி இடது பக்கம், கிளிப்பு இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு" என்றார் அவர். "நாலும் போட்டப்புறம்தான் நீ சுத்துன." வாழ்நாளில் தடுமாறாமல் அவர் சொன்ன முதல் பொய் அதுதான். அவள் நூலை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு உலை வைக்கப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மகள் வரவில்லை. காலையிலிருந்தே தூறிக்கொண்டிருந்தது. சாப்பிட்டு முடித்துவிட்டு இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் எந்த மணிச் சத்தம் கேட்டாலும் மனைவி எட்டிப் பார்த்தாள். மழை வலுத்தது. கடைசியில் அவளே பொறுக்க முடியாமல் போனை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள்.

"எதுக்கும் ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்களேன்" என்றாள்.

அவர் போனைத் தொடவில்லை. சட்டைப் பைக்குள் விரலைவிட்டு, அங்கே சுருண்டு கிடந்த அறுந்த கறுப்பு நூலைப் பிடித்துக்கொண்டார். ஊருக்கெல்லாம் தன் பயத்தைப் பங்குபோட்டுக் கொடுத்த மனிதர், இந்த ஒன்றை மட்டும் யாருக்கும் தருவதாக இல்லை.

"வேண்டாம், அவளுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

மனைவி அவரைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு, நீங்களே சொல்கிறீர்கள் என்றால் சரிதான் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகக் கண்ணயரப் போனாள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.